பட்டறையில் தொங்கும் குச்சி

பிப்ரவரி 9, 2025, ஞாயிறு

எனக்கென்று ஒரு பூல் குச்சி செய்ய முன்பணம் 5,000 ரூபாய் கொடுத்தாயிற்று, இனிப் பின்வாங்க முடியாது. பூல் (pool) என்றால் பில்லியர்ட்ஸ் மாதிரி, மேசையில் பந்துகளைக் குச்சியால் அடித்துக் குழியில் போடுகிற ஆட்டம். காரைக்குடியில் நாங்கள் பூல் ஆடுகிற இடத்தில் கிடக்கும் குச்சிகளை மேசையில் உருட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் நொண்டும். அதை வைத்தே ஆறு வருஷம் ஓட்டிவிட்டேன். அந்தக் குச்சிகளின் நுனியில் பந்தைத் தொடுகிற தோல் வில்லையான டிப்பை ஒட்டித் தருகிற கடைசல் ஆசாரிதான் எனக்குச் செய்யப்போகிறார். "ஸ்னூக்கருக்கா, பூலுக்கா?" என்றுதான் முதலில் கேட்டார். ஸ்னூக்கர் பந்து சின்னது, டிப்பும் 9.5 மில்லிமீட்டர் இருந்தால் போதும், தண்டு ஆஷ் மரம். பூலுக்கு 13-ஐ ஒட்டி வர வேண்டும், தண்டு மேப்பிள். நீளம் 58 அங்குலம், நடுவில் ஜாயின்ட், எடை 540 கிராம் என்று ஒரு பழைய பில்லின் முதுகில் எழுதிக்கொண்டார்.

மார்ச் 17, திங்கள்

மேப்பிள் சென்னையிலிருந்து வந்துவிட்டது. பிடிக்கு மரம் தேடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனோம். எனக்குக் கருங்காலி ஆசை. ஆனால் இந்தக் கருங்காலி மாலைப் பைத்தியம் வந்த பிறகு கருங்காலி என்று வாயைத் திறந்தாலே விலை ஏறுகிறது, அதிலும் எது நிஜம் என்று கடைக்காரருக்கே தெரியாது. ஆசாரி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இடித்த வீட்டிலிருந்து வந்த ஒரு கட்டிலின் பக்கச் சட்டத்தைத் தூக்கி, துளை விழாத இடமாக விரலால் அளந்து, ஓரத்தில் கத்தியால் லேசாகச் சுரண்டி என் மூக்கருகே நீட்டினார். தோதகத்தி, அதாவது ரோஸ்வுட். அத்தனை வருஷத்து அழுக்குக்கு அடியிலும் ஒரு இனிப்பு வாசனை. "சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிச்ச மரம் தம்பி, இனி உங்களை ஏமாத்தாது." 1,400 ரூபாய்.

மே 25, ஞாயிறு

இன்னும் ஆகவில்லை!

பட்டறை உத்தரத்திலிருந்து என் தண்டு நூலில் நட்டுக்குத்தலாகத் தொங்குகிறது. ஒரு தடவை கடைந்தால் ஒன்றரை மில்லிமீட்டர்தான் எடுக்கிறார், அப்புறம் மூன்று வாரம் தொங்கல். மேல் மரத்தைச் சீவும்போது உள்ளே அடங்கியிருந்த இறுக்கம் தளர்ந்து தண்டு ஒரு பக்கம் வளையுமாம், வளைய விட்டு அடுத்த கடைசலில் நேர் பண்ண வேண்டும். சாய்த்து வைத்தால் அதற்கே வளைந்துவிடும் என்பதால்தான் தொங்கல். எனக்கென்று முதலில் எடுத்த மேப்பிள் அடங்கவே இல்லை, இப்போது அவர் பேரன் அதில் கிட்டிப்புள் அடிக்கிறான். கனடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ கப்பலேறி வந்த மரம், பாவம்.

ஜூலை 20, ஞாயிறு

முடிந்தது. மேப்பிளுக்குள் தோதகத்தி நாலு கூர்முனைகளாக ஏறி நிற்கிறது. ஒட்டு தெரிகிறதா என்று நகத்தால் தடவினேன், நகம் எங்கேயும் தட்டவில்லை. பிடியைத் தரையில் தட்டினால் 'டக்' என்று ஒரே சத்தம். உள்ளே ஏதாவது லூசாக இருந்தால் கரகரக்கும். எனக்கு வாய் சும்மா இருக்காதே, ஸ்கேல் வைத்தேன். மூன்று முனை ஒரே உயரம், நாலாவது ஒரு மில்லிமீட்டர் இறக்கம். காட்டினேன். கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "ஆமா, தப்புதான்" என்று சொல்லி மீதிப் பணத்தில் ஐந்நூறைத் திருப்பிக் கொடுத்தார். கையால் செய்தது அப்படித்தான் இருக்கும் என்று சமாளிப்பார் என நினைத்திருந்தேன். ஐந்நூறை வாங்கிக்கொண்டேன், இப்போது உறுத்துகிறது.

வீட்டுக்குக் கொண்டுவர முடியவில்லை. ஆடியில் புதுச் சாமான் வாசப்படி ஏறக் கூடாதாம், பதினெட்டாம் பெருக்குவரை பொறுக்கச் சொல்லிவிட்டார் அம்மா.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையிலேயே போய் எடுத்து வந்தேன். அம்மா பிடியின் அடியில் குங்குமப் பொட்டு வைத்து, "இந்தக் கம்புக்கா இத்தனை ரூபாய்?" என்றும் கேட்டுவிட்டார்.

சாயங்காலம் மூன்று கேம், மூன்றும் தோல்வி. நேர் அடியெல்லாம் சொன்னபடி கேட்கிறது. சைடு போட்டால்தான், அதாவது பந்து சுழலட்டும் என்று நடுவை விட்டு ஓரத்தில் அடித்தால்தான் போச்சு. வெள்ளைப் பந்தை இடது பக்கம் அடித்தால் அது கொஞ்சம் வலது பக்கம் ஒதுங்கித்தான் கிளம்பும், குச்சியின் நுனி கனமாக இருந்தால் ஒதுக்கம் இன்னும் கூடும். கிளப் குச்சிகளின் தடித்த நுனிக்கு ஏற்றபடி தள்ளிக் குறிவைத்தே பழகியிருக்கிறேன். இதன் நுனி லேசு, அவ்வளவு ஒதுங்குவதில்லை, நான் மட்டும் பழைய கணக்கிலேயே அடித்துக்கொண்டிருந்தேன். எதிரில் ஆடிய பையன் அதே நொண்டிக் குச்சியால், போட்டால் ஜெயம் என்கிற ஒன்பதாம் பந்தைப் போட்டுவிட்டு, "அண்ணே, உங்க குச்சியக் கொஞ்சம் குடுங்க பாப்போம்" என்றான். கொடுக்கவில்லை.