22 பேர், ஒரு நகரம், மூன்று நாள்: திட்டக் குறிப்புகள்

பிப்ரவரி 1, 2026

பயணம் மே 2 முதல் 4 வரை. பெயர் கொடுத்திருப்பவர்கள் 22 பேர். இந்த எண்ணை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. வண்டி வாடகையும் வழிகாட்டிக் கட்டணமும் ஆள் குறைந்தாலும் குறையாது. 22-ஆல் வகுத்து வசூலித்து, கடைசியில் 18 பேர்தான் வந்தால் ஆளுக்கு 22 சதவீதம் கூடுதலாகக் கேட்க வேண்டிவரும். கிளம்பும் வாரத்தில் கேட்டால் மனக்கசப்புதான். அதனால் இப்போதே 18-ஆல் வகுத்தாயிற்று. மீந்ததைத் திருப்பிக் கொடுப்பது சுலபம். முன்பணம் கட்டிய பிறகே பட்டியலில் பெயர்.

பிப்ரவரி 8

"எங்கே போகலாம்?" என்று கேட்டால் நாற்பது இடம் வந்து விழும். கேள்வியை மாற்றினோம்: கட்டாயம் வேண்டும் என்பவை இரண்டு, வேண்டவே வேண்டாம் என்பது ஒன்று. பழைய கடைத்தெருவுக்கு 17 பேர், அருங்காட்சியகத்துக்கு 9, தாவரவியல் பூங்காவுக்கு 8. கடைத்தெரு எல்லோருக்கும், மற்ற இரண்டும் ஒரே காலையில், தனித்தனி அணியாக. எல்லோரையும் எல்லா இடத்துக்கும் இழுத்துப் போவதில்தான் குழுப் பயணம் கெடுகிறது.

பிப்ரவரி 15

மே 4 திங்கள்கிழமை. பல அருங்காட்சியகங்களுக்கு அன்று விடுமுறை. ஆனால் எங்கும் ஒரே வழக்கமில்லை: பாரிஸின் லூவ்ருக்குச் செவ்வாய், தாஜ்மகாலுக்கு வெள்ளி. அந்தந்த இடத்தின் சொந்த இணையதளத்தைப் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும். மூடும் நேரம் வேறு, கடைசி நுழைவு நேரம் வேறு, இரண்டையும் எழுதிக்கொள்ளவும். அருங்காட்சியகத்தை 3-ஆம் தேதிக்கு மாற்றியாயிற்று.

மார்ச் 1

அறைகள். 13 பெண்கள், 9 ஆண்கள். 22-ஐ இரண்டால் வகுத்து 11 அறை எடுத்தால் இரண்டு பக்கமும் ஒருவர் மிஞ்சுவார். எட்டு இரட்டை அறை, இரண்டு மூவர் அறை என்றால் சரியாக அடங்கும்.

ஏப்ரல் 12

நேரக் கணக்கு. இதைத்தான் பலர் போடுவதே இல்லை. பெண்கள் கழிப்பறையில் 3 அறை, 13 பேர், ஆளுக்கு 3 நிமிடம்: ஐந்து சுற்று, 15 நிமிடம். ஒரு நாளில் மூன்று முறை நின்றால் முக்கால் மணி போயிற்று. வண்டியில் ஏறி இறங்கித் தலை எண்ண ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம். சாப்பாட்டுக்கு உட்கார்ந்த பிறகு 22 பேரும் தனித்தனியாகச் சொன்னால் சமையலறை திணறும். யாருக்கு என்ன என்பதை முந்தைய நாளே மொத்தமாகச் சொல்லிவிட வேண்டும். இத்தனையும் கழித்தால் நாளுக்கு மூன்று இடம்தான் நிற்கிறது. நான்காவதை அடித்தாயிற்று. மனசு கேட்கவில்லைதான், ஆனால் அவசர அவசரமாக நான்கு பார்ப்பதைவிட இது மேல்.

ஏப்ரல் 26

6, 6, 5, 5 என்று நான்கு அணி, அணிக்கு ஒரு பொறுப்பாளர். ஆளுக்கு ஓர் எண். வண்டி கிளம்புமுன் 1 முதல் 22 வரை அவரவரே சொல்ல வேண்டும். பெயர் கூப்பிட்டால் பக்கத்திலிருப்பவர் "வந்தாச்சு" என்றுவிடுவார். ஆள் பின்னால் கடையில் நின்றுகொண்டிருப்பார். சேருமிடத்தை "வாசல்" என்று சொல்லக் கூடாது, பெரிய இடங்களுக்கு வாசல் பல. "டிக்கெட் கவுண்டருக்கு எதிரே உள்ள மணிக்கூண்டு" என்பதுபோல ஒன்றே ஒன்றாக இருக்கும் பொருளைச் சொல்ல வேண்டும். தவறிப்போனவர் அங்கே 20 நிமிடம் காத்திருப்பார், அதன் பிறகு நேரே விடுதிக்கு. போனில் சார்ஜ் தீர்ந்தாலும் வழி தெரிய, விடுதி முகவரியை உள்ளூர் எழுத்தில் அச்சிட்டு 22 சீட்டு. சட்டைப் பையிலோ கைப்பையிலோ, பெட்டியில் அல்ல.