போப்பின் புதுக்கோட்டை

கானாடுகாத்தானிலிருந்து புதுக்கோட்டைக்கு மாதம் இரண்டு முறையாவது போய்வருகிறவன் நான். சென்ற செப்டம்பரில் போனது வேறொரு புதுக்கோட்டைக்கு. பிரான்சின் தெற்கே, அவிஞோன் நகருக்கு வடக்கில், ரோன் ஆற்றங்கரைப் பக்கம் இருக்கிறது ஷாட்டோநெஃப் து பாப். மோன்பெலியேயில் படிக்கும் மகள்தான் பெயரைப் பிரித்துச் சொன்னாள். ஷாட்டோ கோட்டை, நெஃப் புது, பாப் போப். 14ஆம் நூற்றாண்டில் போப்பாண்டவர்கள் ரோமில் இல்லாமல் அவிஞோனில் இருந்தார்கள். அவர்களில் இருபத்திரண்டாம் ஜான் என்பவர் கோடைக்கென்று இந்த மேட்டில் ஒரு கோட்டை கட்டினார்.

இப்போது ஒரு சுவரும் பாதிக் கோபுரமும்தான் நிற்கின்றன. கோபுரத்தின் மறுபாதிக்கு, 1944இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை வெடிவைத்துவிட்டுப் போயிருக்கிறது. நமக்கு வெடி தேவைப்படவில்லை. பங்காளிகள் கூடிப் பேசினாலே போதும், பர்மாத் தேக்குத் தூண் காரைக்குடியில் பழம்பொருள் கடை வாசலுக்கு வந்துவிடுகிறது. இதை மகளிடம் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் பாகப் பேச்சு நடக்கிறது.

நான் பார்க்கப் போனது கோட்டை. பார்த்துக்கொண்டே நின்றது கல்லை. சில தோட்டங்களில் மண்ணே கண்ணில் படவில்லை. உரித்த தேங்காய் அளவிலும் அதைவிடச் சிறிதாகவும், பழுப்பும் மஞ்சளுமாக, ஆறு உருட்டி உருட்டி மழுக்கிய கூழாங்கற்கள். அவற்றுக்கு நடுவே, கிளை கழித்த முருங்கைக் கட்டை மாதிரி, முழங்கால் உயரத்தில் முறுக்கிக்கொண்டு திராட்சைச் செடிகள். பந்தல் கிடையாது. இஷ்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சச் சட்டம் விடாது. பழத்தைக் கையால்தான் பறிக்க வேண்டும், இயந்திரம் கூடாது. 1923இல் இவ்வூர் விவசாயிகள் தங்களுக்குத் தாங்களே விதி எழுதிக்கொண்டபோது, லாவெண்டரும் தைம் என்ற மூலிகையும் விளைகிற வறண்ட நிலமாக இருந்தால்தான் இந்தப் பெயரில் ஒயின் விற்கலாம் என்று வைத்தார்களாம். நம் பக்கம் ஒரு நிலத்தைச் சரளைக்காடு என்று சொல்லிவிட்டால் விலை பாதியாகிவிடும்.

பொழுது சாய்ந்த பிறகு ஒரு கல்லின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். இட்லிப் பானையை இறக்கிக் கொஞ்ச நேரம் ஆனபின் தொட்டது போல இருந்தது. பகலில் குடித்த வெயிலைக் கல் இரவில் கொடிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. பழம் நன்றாகப் பழுக்கிறது. அடியில் இருக்கிற ஈரமும் சீக்கிரம் போவதில்லை. சித்திரை இரவில் இதே சூட்டை விரட்டத்தான் நாங்கள் மொட்டைமாடியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறோம்.

இன்னொன்று. 1954இல் இவ்வூர் மேயர், பறக்கும் தட்டுகள் ஊர் எல்லைக்குள் இறங்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறார். மீறினால் பறிமுதல். செடிமேல் அவ்வளவு அக்கறையா, விளம்பரமா தெரியாது. இரண்டும் இருக்கும் என்பது என் கணிப்பு.

மறுநாள் ஒரு ஒயின் நிலவறைக்குள் கூட்டிப்போனார்கள். பதின்மூன்று வகைத் திராட்சையைக் கலக்க அனுமதி உண்டு, ஆனால் பெரும்பங்கு கிரெனாஷ்தான் என்று விளக்கிய பெண், ஆளுக்கு இரண்டு மிடறு ஊற்றினாள். எனக்குப் பழக்கமில்லை. திருதிருவென்று விழித்தபோது, பக்கத்திலிருந்த பெரியவர் வாயில் வைத்துக் கொப்பளித்து, மேசைமேல் இருந்த பாத்திரத்தில் துப்பினார். அதைப் பார்த்ததும் எனக்குச் சொந்த ஊர் வந்துவிட்டது. எங்கள் ஐயா சாய்ந்திருக்கும் திண்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்த பித்தளைப் படிக்கமேதான் அது, கொஞ்சம் உயரம் கூடுதல். நானும் வாயில் வைத்தேன். முதலில் நாவற்பழத் துவர்ப்பு, பிறகு மிளகு போல ஒரு காரம். மரியாதையாகத் துப்பினேன்.

ஊர் திரும்பியதும் ஆத்தா முகப்பில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"குடித்தாயா?"

"இல்லை ஆத்தா. வாயில் வைத்துத் துப்பிவிட்டேன்."

முகத்தில் நிம்மதி. கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு பாட்டில் என்ன விலை?"

"நம் பணத்துக்கு மூவாயிரம் இருக்கும்."

"மூவாயிரம் ரூபாய்ச் சரக்கையா துப்பினாய்?"