சனிக்கிழமை பத்திலிருந்து நாலு வரை

விளம்பரம் எழுதச் சொல்லி என் மேசைக்கு வந்த கோப்பைத் திறந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பிரான்சின் தென்மேற்கே, தோர்தோஞ் மாவட்டத்தில், 17ஆம் நூற்றாண்டு ஷத்தோ, அதாவது பழைய பிரபு மாளிகை, ஒன்று விலைக்கு. இரண்டு கோபுரங்கள், 26 அறைகள், 9 ஹெக்டேர் நிலம், நீச்சல் குளம், கூடவே விடுமுறைக்கு வாடகைக்கு விடும் மூன்று ஜீத்கள். அந்த மூன்றிலும் எந்தக் குழாயை எவ்வளவு திருப்பினால் வெந்நீர் வரும் என்று எனக்குத் தெரியும். இந்த வீடு விற்கும் ஏஜென்சியில் வேலை கிடைப்பதற்கு முன், நான்கு கோடைகாலம் அங்கே பெருக்கித் துடைத்தவள் நான்.

ஜீத் என்பதை ஹோட்டல் என்று நினைத்துவிடக் கூடாது. அடுப்பு, பாத்திரம், கட்டில் எல்லாம் இருக்கும். சமைத்துச் சாப்பிடுவது வந்தவர்கள் பாடு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, கிராமங்களில் ஆளில்லாமல் கிடந்த வீடுகளைப் பழுதுபார்த்து நகரத்துக் குடும்பங்களுக்கு மலிவாக விடத் தொடங்கினார்கள். 1955இல் அதற்கென்று ஒரு கூட்டமைப்பே உருவானது. விவசாயிக்குக் கைச்செலவுக்கு வழி செய்த அந்த ஏற்பாடுதான் பிற்பாடு ஷத்தோக்காரர்களுக்குக் கூரை ஓடு மாற்றக் காசு கொடுத்தது.

ஷத்தோவின் சொந்தக்காரியை நாங்கள் மதாம் என்போம். அவருடைய ஜீத்களில் ஒன்று பழைய குதிரை லாயம், இன்னொன்று ரொட்டி சுட்ட அடுப்பு வீடு, மூன்றாவது புறாக்கூண்டு. கூண்டு என்றதும் சின்னதாக நினைக்க வேண்டாம். மூன்று மாடி உயரத்துக்கு வட்டமான கல் கோபுரம். பிரான்சின் பல பகுதிகளில் அப்படிப் புறா வளர்ப்பது பிரபுக்களின் தனியுரிமையாக இருந்தது. குடியானவன் விதைத்ததைப் புறா தின்னும், இவன் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1789 ஆகஸ்ட் 4ஆம் தேதி இரவு ஒழித்துக்கட்டிய உரிமைகளில் அதுவும் ஒன்று. எனக்கு அந்தக் கோபுரத்தின் மேல் இருந்த கோபம் வேறு. வட்டச் சுவரில் எந்தக் கட்டிலும் ஒட்டி நிற்காது. தலைமாட்டுக்கும் சுவருக்கும் நடுவே பிறை மாதிரி ஒரு சந்து விழும். ஒரு வாரத்துத் தூசி, ஒற்றைக் காலுறை, பிள்ளைகளின் பொம்மை எல்லாம் அதற்குள்தான். புறாக்கள் முட்டையிட்ட பொந்துகளை அழகுக்காக அப்படியே விட்டிருந்தார்கள். ஒவ்வொரு பொந்திலும் கைவிட்டுத் துடைப்பதற்கு அழகு என்று பெயர்.

ஜூலை, ஆகஸ்டில் இங்கே வாடகை சனிக்குச் சனி. பழைய ஆட்கள் காலை 10 மணிக்குச் சாவியைக் கொடுப்பார்கள், புது ஆட்கள் மாலை 4 மணிக்குக் காரில் வந்து இறங்குவார்கள். நடுவில் ஆறு மணி நேரம்: 14 கட்டில், 5 குளியலறை, 3 அடுப்படி. சுண்ணாம்புக்கல் பூமி என்பதால் தண்ணீர் பட்ட இடமெல்லாம் வெள்ளைத் திட்டு. வினிகர் விட்டுத் தேய்த்தால்தான் ஷவர் கண்ணாடி கண்ணாடியாகும். ஞாயிற்றுக்கிழமை சாதம் பிசையும்போதும் கையில் காடி வாசனை இருக்கும்.

ஒரு ஆகஸ்டில், லாயத்தில் தங்கியவர்கள் ஈரத் துடைப்புத்தாள்களைக் கழிப்பறையில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அங்கே பாதாளச் சாக்கடை கிடையாது, செப்டிக் டேங்க்தான். மதியம் இரண்டரைக்குப் பொங்கி வெளியே வந்துவிட்டது. மதாமுக்கு அப்போதே எழுபது தாண்டியிருக்கும். ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நீளக் கம்பியோடு வந்து, "நீங்கள் படுக்கைகளைப் பாருங்கள், இது வீட்டுக்காரி வேலை" என்றார். நாலடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது கையைக் கழுவிக்கொண்டு, தோட்டத்தில் பூ வெட்டி, மூன்று ஜாடிகளில் வைத்தார். புது ஆட்கள் காரை விட்டு இறங்கும்போது வாசலில் சிரித்துக்கொண்டு நின்றார். பிரெஞ்சில் சொகுசு வாழ்க்கைக்கு ‘ஷத்தோ வாழ்க்கை’ என்பார்கள். அந்தத் தொடரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கம்பிதான் நினைவுக்கு வரும்.

குளிர்காலத்தில் 26 அறைகளில் அவர் புழங்கியது இரண்டில். அடுப்படி, அதை ஒட்டிய சின்ன அறை. மற்ற அறைகளுக்குப் போவதென்றால் கோட்டு போட்டுக்கொண்டு போவார்.

சரி, விளம்பரத்துக்கு வருகிறேன். எங்கள் தொழிலுக்கென்று ஒரு அகராதி உண்டு. ‘குணம் நிறைந்த வீடு’ என்றால் குளிரும். ‘சற்றே பொலிவூட்ட வேண்டும்’ என்றால் மின்கம்பி முழுக்க மாற்ற வேண்டும். ‘அமைதியான சூழல்’ என்றால் ரொட்டி வாங்கக்கூடக் கார் எடுக்க வேண்டும். நான் எழுதிய முதல் வரைவில் சலவை அறையைப் பற்றி இரண்டு வரி இருந்தது: பெரிய இயந்திரங்கள் இரண்டு, துணி அடுக்க அலமாரி, மழை நாளில் காயப்போட மேலே பரண். முதலாளி படித்துவிட்டுச் சிவப்பு மையால் அடித்தார். "கோபுரத்தை முதலில் போடுங்கள். சலவையைப் பார்த்து யார் ஷத்தோ வாங்குவார்கள்?" அவர் சொன்னதும் நியாயம்தான், இணையத்தில் எல்லோரும் சொடுக்குவது கோபுரத்தை. விலையைப் பார்த்தாலும் ஆசை வரும். பாரிஸின் நல்ல வட்டாரத்தில் ஒரு பெரிய அடுக்ககம் வாங்கும் காசு.

மதாம் ஏன் விற்கிறார் என்பதை விளம்பரத்தில் எழுத மாட்டோம். கணவர் போய்விட்டார், பிள்ளைகள் மூவர். மூத்தவனுக்கே எல்லாம் என்ற வழக்கத்தைப் புரட்சி ஒழித்தது. 1804இன் சிவில் சட்டம் பிள்ளைகளுக்குச் சமபங்கு என்றது. பங்கு பிரிக்காத சொத்தில் யாரையும் கட்டாயப்படுத்தி வைத்திருக்க முடியாது என்கிறது அதன் 815ஆவது பிரிவு. ஒருவர் பிரி என்றால் பிரித்தாக வேண்டும். கோபுரத்தை மூன்றாக வெட்ட முடியுமா? புதுச்சேரியில் எங்கள் தாத்தா வீட்டுக்கும் இதே கதைதான் நடந்தது. எனக்கு விளங்காதது ஒன்றுமில்லை.

வாங்க வந்தவர்களில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். வடக்குச் சுவரில் கல் வைத்து அடைத்த ஜன்னல்களைக் காட்டி ‘ஏதாவது ரகசிய அறையா’ என்று கேட்பார்கள். 1798 முதல் 1926 வரை கதவு, ஜன்னல் எண்ணிக்கைக்கு வரி போட்டார்கள், அதற்குப் பயந்து அடைத்தவையாக இருக்கும் என்று சொன்னால் முகம் வாடிவிடும். சிலர் அப்படியே மிலாந்துக்குப் போய்விட்டு வருவார்கள். பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் பேர்போன ஜோசஃபின் பேக்கர் 1947இல் வாங்கிய அந்த ஷத்தோவும் எங்கள் மாவட்டம்தான். ஹோட்டல், மினி கோல்ஃப் என்று சுற்றுலாவுக்காக அள்ளி இறைத்தார். 1968இல் கடனுக்கு ஏலம் போனது. அடுத்த ஆண்டு வெளியேற்றப்பட்டு, தலையில் துணித் தொப்பியோடு அடுப்படி வாசற்படியில் அவர் உட்கார்ந்திருக்கும் புகைப்படம் இங்கே பலருக்குத் தெரியும். 2021இல், நாட்டின் பெரியவர்களுக்கான பாரிஸ் நினைவாலயமான பாந்தியோனில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். வாங்க வருகிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லாதே என்பது எங்கள் முதலாளியின் உத்தரவு.

ஏழாவதோ எட்டாவதோ பெல்ஜியத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் கோபுரத்தில் ஏறி இறங்கினார், கணப்பு அடுப்புகளை எண்ணினார், கைப்பேசியில் வளைத்து வளைத்துப் படம் எடுத்தார். அந்த அம்மாள் புறாக்கூண்டில் கட்டிலுக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "இத்தனை விரிப்பையும் மழை நாளில் எங்கே காயவைக்கிறார்கள்?" என்று கேட்டார். பரணுக்குக் கூட்டிப்போனேன். கயிறுகளை இழுத்துப் பார்த்தார். கணவர் கீழேயிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இது விற்றுவிடும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மிச்சமெல்லாம் காகிதம். ஈயம், கல்நார், கரையான், மின்சாரம், ஆற்றல் தரம் என்று சோதனை அறிக்கைகளே ஒரு தலையணை அளவு. செப்டிக் டேங்க் விதிப்படி இல்லை என்று எழுதினார்கள்; வாங்கியவர் ஓராண்டுக்குள் சரிசெய்ய வேண்டும். ஊர்த் தேவாலயம் பாதுகாக்கப்பட்ட சின்னம், 500 மீட்டருக்குள் இருப்பதால் ஜன்னல் கதவின் நிறத்தை மாற்றவும் அரசு கட்டடக்கலைஞரின் சம்மதம் வேண்டும். ஒப்பந்தம் போட்டபின் மனம் மாறினால் பின்வாங்க வாங்குபவருக்குப் பத்து நாள். ஏஜென்சியில் எல்லோரும் அந்தப் பத்து நாளை விரல் விட்டு எண்ணினோம். நிலம் இருப்பதால் விவசாய நில அமைப்புக்கு வாங்கும் முன்னுரிமை உண்டு, அதன் பதிலுக்கு இரண்டு மாதம்.

பத்திரம் முடிந்த அன்று, அதை எழுதிப் பதியும் நோத்தேரின் அலுவலகத்துக்கு மதாம் ஒரு செருப்புப் பெட்டி நிறையச் சாவி கொண்டுவந்தார். பாதிக்குச் சீட்டு இல்லை. மேசைமேல் கொட்டி, எது எந்தக் கதவு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நாலைந்தைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது மறந்துவிட்டது" என்று திரும்பப் பெட்டிக்குள் போட்டார்.

வெளியே வரும்போது அந்த பெல்ஜியம் அம்மாள் என்னைத் தனியே நிறுத்தினார். "ஜூனுக்கு முன்பதிவு நிறைய இருக்கிறது. சனிக்கிழமைகளுக்கு நம்பகமான ஆள் யாராவது உங்களுக்குத் தெரியுமா?"

நான் மதாமைப் பார்த்தேன். அவர் கார் சாவியைத் தேடுவது மாதிரி கைப்பைக்குள் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது, சிரிக்கிறார்.