நிம்மதிக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது?

நர்ஸிங் முடித்து வெளிநாடு போகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. பெரும்பாலும் ஓ.இ.டி. தேர்வுக்கு, அதாவது மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வுக்கு. பிரிட்டனில் நர்ஸ்களைப் பதிவு செய்யும் நர்ஸிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில் 2017 முதல் இதை ஏற்றுக்கொள்கிறது. பேச்சுப் பகுதியில் 2 ரோல்ப்ளே, ஒவ்வொன்றும் 5 நிமிடம். எதிரே நோயாளியாகவோ உறவினராகவோ ஒருவர் உட்கார்ந்து பயப்படுவார், சமயத்தில் கோபப்படுவார். அவரைத் தேற்ற வேண்டும்.

வகுப்பில் ஒருநாள் நான்தான் நோயாளியின் அம்மா. குழந்தைக்கு ஆபரேஷன் என்று கை நடுங்க உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்த பெண் பல வருடம் ஐசியூவில் வேலை பார்த்தவர். "காம் டவுன், மேடம்" என்றார். குரலில் அத்தனை கனிவு. நம் ஊரில் தோளைத் தொட்டு "பதறாதீங்கம்மா" என்போமே, அதைத்தான் சொல்ல நினைத்தார். ஆங்கிலக்காரர் காதில் அது 'கத்தாதே, அடங்கு' என்றுதான் விழும். "ஐ கேன் சீ யூ ஆர் வொரீட்" என்று தொடங்கச் சொன்னேன். நம் கவலை இவருக்குப் புரிகிறது என்று தெரிந்தாலே பாதிப் பதற்றம் குறையும்.

அன்றிலிருந்து மன அமைதியைச் சொல்லும் சொற்களுக்கென்றே ஒரு வகுப்பு வைத்திருக்கிறேன். தமிழில் ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை என்றாலும் நிம்மதி, மகனுக்கு வேலை கிடைத்தாலும் நிம்மதி, ராத்திரி நன்றாகத் தூங்கினாலும் நிம்மதிதான். ஆங்கிலத்தில் சொல்வதென்றால், அதுக்கு முன்னாடி என்ன இருந்தது என்று கேட்டுக்கொள்ளச் சொல்வேன். பயம் இருந்து விலகினால் ரிலீவ்ட். ரிப்போர்ட் விஷயம் அதுதான். சும்மா இருக்கும்போது அப்படிச் சொன்னால், 'ஏன், என்ன ஆச்சு?' என்று கேட்பார்கள். புது மனிதர் முன் கூச்சம் இருந்து போனால் அட் ஈஸ். சுற்றிலும் களேபரம் நடக்கும்போதும் நிதானம் தவறாதவர் காம்.

இரவுப் பணிக் குறிப்பு எழுதும் பயிற்சியில் ஒருவர் "பேஷன்ட் வாஸ் பீஸ்ஃபுல்" என்று எழுதியிருந்தார். இலக்கணம் சரி. ஆனால் பிரிட்டனில் இரங்கல் செய்திகளில் "பாஸ்ட் அவே பீஸ்ஃபுல்லி" என்று எழுதுவது வழக்கம். காலை ஷிப்ட்டுக்கு வரும் நர்ஸுக்கு ஒரு நொடி திக்கென்று ஆகிவிடும். ஸ்டேபிள் என்று போடலாமா என்றார்கள். அது நாடி, பிரஷர் பற்றிய பேச்சு. பிரஷர் ஸ்டேபிளாக உள்ளவர் அழுதுகொண்டும் இருக்கலாம். பிரிட்டிஷ் வார்டுகளில் புழங்குகிற சொல் செட்டில்ட். தவிப்பில்லாமல் படுத்திருந்தார் என்பது அதில் வந்துவிடும். நமக்கு செட்டில் என்றால் வேலை, கல்யாணம், சொந்த வீடு. அதனால் இந்த இடத்தில் அந்தச் சொல் சட்டென்று கைக்கு வராது.

போன மாதம் அந்த ஐசியூ பெண் இங்கிலாந்திலிருந்து போன் செய்தார். மறதி நோய் உள்ள ஒரு பாட்டி இரவெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தாராம். இவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். 3 மணிக்குப் பாட்டி தூங்கிவிட்டார்.

"செட்டில்ட் சின்ஸ் த்ரீன்னு எழுதினேன் மேடம்."

"கையைப் பிடிச்சிட்டிருந்ததையும் எழுதினீங்களா?"

"எழுதினேன். ரீஅஷ்யூரன்ஸ் கிவன்."