கிழக்குக்கு ஹிகாஷி: மரத்த முதல்ல போடாதீங்க

நாலு திசையோட கான்ஜியும், அதாவது சீனாவுலேருந்து ஜப்பானுக்கு வந்த எழுத்தும், ஜப்பான்ல ரெண்டாங்கிளாஸ் பாடம்தான், அதுல நான் இப்ப எடுத்திருக்கிறது கிழக்கு, அதாவது ஹிகாஷி. மொத்தம் எட்டு கோடு. எந்த ஆப்பைத் திறந்தாலும் இதுக்கு ஒரே கதைதான், மரத்துக்குப் பின்னாடி சூரியன் உதிக்குது, அதனால கிழக்குன்னு. பழைய எழுத்துகள ஆராய்ஞ்சவங்க பல பேரு, சூரியனும் இல்ல மரமும் இல்ல, ரெண்டு முனையும் கட்டின மூட்டை அது, சத்தம் ஒத்துப்போனதால திசைக்கு எடுத்துக்கிட்டாங்கன்னு சொல்றாங்க.

படிக்கிறதுக்கு சூரியன் கதையே போதும், பார்த்ததும் டக்குனு பிடிபடுது. ஆனா எழுதும்போது அதே கதை இடைஞ்சல். மரம்னு நினைச்சா கை மரத்த முழுசா போட்டுட்டு நடுவுல சூரியன ஒட்டத்தான் பார்க்கும், ஆனா ஆர்டர் அப்படி இல்ல. மேல படுக்கையா ஒரு கோடு, அப்புறம் பெட்டி, அதான் சூரியன்: இடது பக்கம் ஒண்ணு, மேல போயி வலதுல மடங்கி இறங்குறது ஒண்ணு, உள்ள ஒண்ணு, அடி மூடுறது ஒண்ணு, ஆச்சா அஞ்சு, ஆறாவதாதான் உச்சியிலேருந்து பெட்டிய நடுவுல கிழிச்சுக்கிட்டு அடி வரைக்கும் நேர்கோடு வருது, கடைசியா இடப்பக்கம் ஒரு வீச்சு, வலப்பக்கம் ஒரு வீச்சு.

நடுவுல புள்ளிக்கோடு போட்ட கட்டம் நோட்டு கண்டிப்பா வேணும், ஆறாவது கோட்ட அந்தப் புள்ளிக்கோட்டு மேலயே இறக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது. பெட்டிய மட்டும் குட்டையா, கொஞ்சம் அகலமா வைங்க, உயரமா போட்டா வீச்சு ரெண்டுக்கும் கீழ இடமே இருக்காது. நேர்கோட்டோட அடிய நிறுத்தணுமா, லேசா கொக்கி மாதிரி தூக்கலாமான்னு எல்லாரும் மண்டைய உடைச்சுக்கிறாங்க. புக்ல நிறுத்தித்தான் இருக்கு, ஆனா மரம் எழுத்துக்கு ரெண்டுமே சரின்னு ஜப்பானோட கலாச்சாரத் துறை 2016லயே சொல்லிடுச்சு, அதனால அத விட்டுட்டு வலது வீச்சப் பாருங்க. அது மெலிசா கிளம்பி அழுத்தி தடிமனாகி அப்புறம் கூர்மையா முடியணும், எனக்கு பால்பாயிண்ட்ல வரவே இல்ல, பிரஷ் பேனாவுலதான் கொஞ்சம் வருது.

உச்சரிப்பு ரெண்டு. தனியா வந்தா ஹிகாஷி, இன்னொரு கான்ஜியோட ஒட்டினா பெரும்பாலும் டோ, நீட்டிச் சொல்லணும். 1868ல எடோ ஊருக்கு கிழக்குத் தலைநகர்னு பேர் மாத்தினாங்களே, அந்த டோக்கியோவோட முதல் எழுத்து இதான், வடகிழக்குப் பகுதியான டோஹோகு, பழைய கடலோர நெடுஞ்சாலையான டோகாய்டோ எல்லாத்துலயும் இதே. ஆனா ரூல்னு நம்பிடாதீங்க, ஸ்டேஷன்ல கிழக்கு வாசல் ஹிகாஷிகுச்சிதான், ஒட்டித்தான் இருக்கு, ஆனாலும் டோ கிடையாது.

வாசல் போர்டுகள வச்சுப் பழகுறதுதான் எனக்கு செட் ஆகுது. அதுலயும் இகெபுகுரோ ஸ்டேஷன் செம காமெடி, பேர்லயே மேற்கு இருக்கிற செய்பு கடை கிழக்கு வாசல்ல, கிழக்கு இருக்கிற டோபு கடை மேற்கு வாசல்ல. எழுத்து தெரிஞ்சவன்தான் அங்க வழி தவறுவான் போல. அடுத்து நிஷி, அதாவது மேற்கு, எடுக்கப்போறேன், ஆறே கோடுதான்.