நாலு ஊசி, மூணு ஆஸ்பத்திரி, ரெண்டு சாவி

நாய்க்கடிக்கு 28-ஆம் நாள் ஊசியும் போட்டாயிற்று. கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை. சூட்டோடு சூடாக எழுதிவைத்தால் அடுத்து கடிபடுகிறவருக்காவது அலைச்சல் மிச்சமாகும்.

காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) இருக்கிறோம். கொறங்காட்டை, அதாவது மேய்ச்சல் நிலத்தை, ஒட்டி ஆட்டுப்பட்டி. போன மாதம் ஒரு வியாழக்கிழமை, வெள்ளென ஐந்து மணி இருக்கும், ஆடுகள் ஒரே கத்தல். அம்மிச்சி (அம்மாவின் அம்மா) ஊணுகோலை எடுத்துக்கொண்டு போய்ப் படலைத் திறந்தால் உள்ளே நாலைந்து நாய்கள். ஆடு போகிறதே என்ற ஆத்திரத்தில் கோலை வீசியிருக்கிறது. ஒரு நாய் திரும்பிக் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. ரெண்டு பல் ஆழமாக இறங்கி ரத்தம் கொட்டியது. இந்தப் பக்கம் இது புதுசும் இல்லை. வெள்ளகோவில், காங்கேயம் வட்டாரத்தில் விவசாயிகள் செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு மறியல் செய்ததெல்லாம் பேப்பரில் வந்ததுதான். கறிக்கடைக் கழிவை மூட்டை கட்டி ராத்திரியோடு ராத்திரியாக ரோட்டோரம் தள்ளிவிட்டுப் போகிறார்கள். அதில் ருசி கண்ட நாய் அது கிடைக்காத நாளில் பட்டிக்கு வராமல் எங்கே போகும்?

பக்கத்துச் சாளைப் பெரியம்மா மிளகாய்ப்பொடியோடு ஓடி வந்தார். மாமா எருக்கம்பால் என்றார். இன்னொருவர், “நாயைப் பத்து நாள் பாருங்க, சாகலைன்னா பயமில்லை” என்றார். எந்த நாய் என்றே தெரியாது, எதைப் பார்ப்பது? யாரையும் காலைத் தொட விடாமல் துவைக்கிற கல்லில் உட்காரவைத்து, மோட்டார் தண்ணீரைத் திறந்துவிட்டு, பார் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிசம் கழுவினேன். “கால் என்ன அழுக்குத் துணியாடா?” என்று அம்மிச்சி திட்டிக்கொண்டே இருந்தது. வெறிநாயின் எச்சிலில் இருக்கும் கிருமிக்கு மேலே கொழுப்புறை ஒன்று உண்டு, சோப்பு அதைக் கரைத்துவிடும். அந்தக் காலை நேரத்தில் நான் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

ஏனென்றால் அடுத்து செய்தது தப்பு. கிட்டத்தில் இருக்கிறதே என்று ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். தனுர்வாதத்துக்கான டி.டி. ஊசி போட்டு, “நாய்க்கடி ஊசி கவர்மெண்டில்தான் போடணும்” என்றார்கள். அங்கேயே ஒரு மணி நேரம் போச்சு. கம்பவுண்டர் காயத்துக்குத் தையல் போடலாமா என்று வேறு கேட்டார். நல்லவேளை, டாக்டர் வேண்டாமென்றார். நாய் கடித்த காயத்தை உடனே தைக்கக் கூடாது என்பது எனக்கே அப்போதுதான் தெரியும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரெண்டு கையிலும் தோலுக்குள்ளேயே கைக்கொரு துளி போல ஊசி, பத்து நிமிசத்தில் முடிந்தது. 0 (முதல் ஊசி போட்ட நாள்), 3, 7, 28 என்று தேதி எழுதிச் சீட்டும் கொடுத்துவிட்டார்கள். அம்மிச்சிக்கு நம்பிக்கையே வரவில்லை. அதன் தம்பிக்கு அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டதாம். ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து அது, 2004 கடைசியோடு நம் நாட்டில் நிறுத்திவிட்டார்கள்.

கிளம்புகிற நேரத்தில் நர்ஸம்மா கூப்பிட்டார். “ரத்தம் வந்திருக்குதுங்க, இது மூணாம் வகைக் கடி. காயத்துக்குள்ளே சீரம் போடணும். இங்க ஸ்டாக் இல்லை, பெரியாஸ்பத்திரிக்குப் போயிருங்க.”

அவர் கூப்பிடாமல் விட்டிருந்தால் ஊசி போட்டாச்சு என்று வீட்டுக்கு வந்திருப்போம், அதை நினைத்தால்தான் இப்போதும் பகீர் என்கிறது. கையில் போடும் தடுப்பூசி உடம்பில் எதிர்ப்பைக் கிளப்ப ஒன்றிரண்டு வாரமாகும். அதுவரை கிருமி நரம்பில் ஏறாமல் காயத்திலேயே மடக்கத்தான் இந்த இம்யூனோகுளோபுலின். சீரம் என்று கேட்டாலே புரிந்துகொள்கிறார்கள். முதல் தடுப்பூசி போட்ட அன்றே போட்டுவிடுவது நல்லது, அதிலிருந்து ஏழு நாள் தாண்டினால் போட்டுப் பிரயோஜனமில்லை. வெறிநோய் அறிகுறி காட்டிவிட்டால் பிழைப்பது அநேகமாகக் கிடையாது.

ரெண்டாவது ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டுக்கு முக்கால் மணி நேரம். நாய்க்கடிக்கு வேறு கவுண்டர் என்று சன்னலுக்குப் பக்கத்தில் வந்த பிறகு சொன்னார்கள். அந்தக் கவுண்டரில் இருந்தவர் சீட்டைப் பார்த்துவிட்டு, “ஊசிதான் போட்டாச்சே, அப்புறம் என்ன?” என்றார். சீரம் என்றேன். ஃபிரிட்ஜில் இருக்கிறது, சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார். ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டால், “அவர் இனி நாளைக்குத்தான்.” எழுபது வயதுக் கிழவி காலில் துணியைச் சுற்றிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது, மருந்து நாலடி தள்ளிப் பூட்டிக் கிடக்கிறது. சத்தம் போட்டேன். சாவி வரவில்லை.

அங்கே நின்ற ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவர்தான் மெதுவாகச் சொன்னார்: “ஓ.பி. பக்கமே போகாதீங்க தம்பி. மாவட்டத் தலைமையிடத்துக்குப் போய் நேரா கேஷுவால்ட்டியில் நில்லுங்க. அங்க ராத்திரியும் ஆள் இருக்கும்.” அவர் சொன்னபடியே நடந்தது. எடை பார்த்தார்கள், 46 கிலோ. மருந்தின் அளவு எடையைப் பொறுத்ததாம். காயத்தைச் சுற்றியும் உள்ளேயும் ஊசியை இறக்கியபோது அம்மிச்சி என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. வெளியே வரும்போது மணி நாலரை. “ஆட்டுக்குத் தண்ணி காட்டினாங்களா, கேளு சாமி” என்றது.

மூன்றாம் நாள் ஞாயிறு. ஓ.பி. கிடையாது, கேஷுவால்ட்டி உண்டு. அதே ரெண்டாவது ஆஸ்பத்திரியில், சீட்டைக் காட்டியதும் போட்டுவிட்டார்கள். முதல் ஊசி போட்ட இடத்துக்கே போகவேண்டும் என்பதில்லை, சீட்டு இருந்தால் எந்த அரசு ஆஸ்பத்திரியும் சரி.

சீட்டு இருந்தால்! ஏழாம் நாள் காலை அம்மிச்சி முந்தியை அவிழ்த்தால் உள்ளே ஒரு வெள்ளை உருண்டை. முடிச்சோடு சேலையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறது. சுகாதார நிலையத்துக்குப் போனால் அன்றைக்கு வேறு நர்ஸ். “எத்தனாவது ஊசின்னு எனக்கு எப்படிங்க தெரியும்?” நியாயமான கேள்விதான். ரிஜிஸ்டரைப் பாருங்கள் என்றேன். ரிஜிஸ்டர் பீரோவில், பீரோ சாவி கேம்ப்புக்குப் போன நர்ஸிடம். மறுபடியும் சாவி! தலையில் கை வைத்து உட்கார்ந்தபோதுதான் ஞாபகம் வந்தது, ஞாயிற்றுக்கிழமை ஊசி போட்டதும் குடும்ப வாட்ஸாப் குரூப்பில் சீட்டைப் படம் எடுத்துப் போட்டிருந்தேன். மாமா நாலு கும்பிடு போட்டிருந்தார், அதற்கு மேலே சீட்டு. ரெண்டு ஊசியும் தேதியோடு தெளிவாக இருந்தது. நர்ஸ் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் புதுச் சீட்டே எழுதிக் கொடுத்தார். அதை நானே வைத்துக்கொண்டேன்.

ஏழாம் நாளும் 28-ஆம் நாளும் முதல் ஊசி போட்ட அதே கிழமையில்தான் வரும், மறக்க வழியில்லை. ஆனால் எங்கள் 28-ஆம் நாள் மாரியம்மன் நோம்பியின் (திருவிழாவின்) மஞ்சள் நீர் அன்றைக்கு விழுந்தது. “காயம் ஆறிப்போச்சு, இன்னொரு ஊசி எதுக்கு?” என்று அம்மிச்சி கிளம்பவே மாட்டேன் என்றது. மஞ்சள் தண்ணீர் நனைந்த சேலையோடேயே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன்.

ஆடு விசயத்தில் தோற்றுத்தான் போனோம். மூன்று செத்தன, ரெண்டு கடிபட்டன. கடிபட்ட ரெண்டுக்கும் கால்நடை டாக்டர் வந்து ஊசி போட்டார், ஆட்டுக்கும் தவணை முறைதான். செத்த மூன்றையும் நாங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடிய அவசரத்தில் அன்றைக்கே குழி தோண்டிப் புதைத்துவிட்டார்கள். ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. இழப்பீட்டு மனுவோடு போனபோது, பிரேதப் பரிசோதனைச் சான்று எங்கே என்றார்கள். புதைத்தாகிவிட்டது என்றேன். “அப்போ செத்தது நாய் கடிச்சுத்தான்னு எப்படிங்க எழுதறது?” மனு என் பையிலேயே இருக்கிறது.

அம்மிச்சி பட்டிப் படலுக்கு மேலே கம்பிவலை கட்டச் சொல்லியிருக்கிறது. நேற்று வலை வாங்கப் போகிற வழியில் பார்த்தேன், ரோட்டோரம் புதுசாக நாலு மூட்டை.