மூன்று பூட்டுப் பெட்டி

சேமிப்புக் குழுக்களோடு வேலை பார்க்க வந்த முதல் வாரத்தில் என் கையில் ஓர் இரும்புப் பெட்டியைக் கொடுத்தார்கள். மூன்று பூட்டு, மூன்று சாவி. சாவி வைத்திருப்பவர்கள் மூன்று பேர், பெட்டியை வீட்டில் வைத்திருப்பவர் நான்காவது ஆள். அத்தனை பேரும் கூடினால்தான் பெட்டி திறக்கும். இதை நம்பியா மக்கள் பணத்தைப் போடுவார்கள் என்று அன்று எனக்குச் சந்தேகம்.

இந்த முறைக்கு வித்து 1991-இல் நைஜர் நாட்டின் மராடி பகுதியில் கேர் என்ற சர்வதேச உதவி அமைப்பு போட்டது. அங்கே பெண்கள் ஏற்கெனவே தங்களுக்குள் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சீட்டில் ஒரு சங்கடம் உண்டு. எல்லோரும் ஒரே தொகை கட்ட வேண்டும், அவசரம் வந்தாலும் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். அதைத் தளர்த்தித்தான் புதிய முறை பிறந்தது. பல நாடுகளுக்குப் பரவும்போது மெருகேறியது. இன்று பெரும்பாலும் 15 முதல் 25 பேர் ஒரு குழு. ஒரு பங்கின் மதிப்பு எவ்வளவு என்று குழுவே முடிவு செய்யும். ஒரு கூட்டத்தில் ஒருவர் 1 முதல் 5 பங்கு வாங்கலாம். பங்குக்கு ஒரு முத்திரை என்று அவரவர் புத்தகத்தில் குத்துவார்கள். எழுத்துத் தெரியாதவரும் முத்திரையை எண்ணிவிடலாம். தன் சேமிப்பைப் போல மூன்று மடங்கு வரை கடன் கேட்கலாம், வட்டி குழுவுக்கே சேரும். ஒரு வருடத்துக்குள் கடனையெல்லாம் வசூலித்து, பெட்டியைக் காலி செய்து, பங்குக்கு ஏற்பப் பிரித்துக்கொள்வார்கள். அப்புறம் விருப்பப்பட்டவர்கள் மறுபடி தொடங்குவார்கள்.

நான் முதலில் வேலை செய்தது கிராமக் குழுக்களில். அதில் ஒன்று மிக நன்றாக நடந்தது. தவணை தவறாது, கூட்டத்துக்குத் தாமதமாக வந்தால் அபராதம், அதையும் முகம் சுளிக்காமல் கட்டுவார்கள். அவர்கள் கேட்ட கடனுக்குப் பெட்டியில் பணம் போதவில்லை என்பதைப் பார்த்து, எங்கள் திட்டத்திலிருந்து கொஞ்சம் பணம் சேர்த்துக் கொடுக்கலாம் என்று நான்தான் பரிந்துரைத்தேன். பணம் வந்தது. மூன்று கூட்டத்துக்குள் குழுவின் முகமே மாறிப்போனது. கடன் வாங்கியவர் திருப்பித் தரவில்லை என்றால் முன்பு பக்கத்து வீட்டுக்காரி கேட்பாள், அது அவளுடைய பணம். இப்போது யாரும் கேட்கவில்லை. "அது ஆபீஸ் பணம்தானே" என்றார்கள். இந்தத் துறையில் உறுப்பினர்கள் போட்ட பணத்தைச் சூடான பணம் என்றும், வெளியிலிருந்து வந்ததைக் குளிர்ந்த பணம் என்றும் சொல்வதுண்டு. அந்தச் சொற்களைப் பயிற்சியில் படித்திருந்தேன். அந்தக் குழு கலைந்தபோதுதான் புரிந்தது. அந்தப் பெண்களுக்கு நான் செய்தது தீங்கு, அதை இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பிறகு அகதிகள் முகாமுக்கு மாற்றலாகிப் போனேன். அங்கே முதல் கூட்டத்தில் ஒரு பெண் கேட்டார்: "அடுத்த வருடம் எந்த ஊரில் இருப்போம் என்றே தெரியாது. எதை நம்பி இந்தப் பெட்டியில் போடுவது?" என்னிடம் தயாராகப் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால், வருடத்துக்கு ஒருமுறை பெட்டியைக் காலி செய்யும் அந்த விதிதான் பதில். பணம் யாரிடமும் நீண்ட நாள் சிக்கிக்கொள்ளாது. நடுவில் போக வேண்டி வந்தால் தன் சேமிப்பை எடுத்துக்கொண்டு போகலாம். அதைச் சொன்னேன். அவர் அன்று சேரவில்லை. மூன்றாவது கூட்டத்தில் ஒரு பங்கு வாங்கினார்.

முகாமில் இருப்பவர்களுக்குக் கணக்குக் கேட்கும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. நிவாரணம் வரும், வரிசையில் நிற்பார்கள், கொடுத்ததை வாங்குவார்கள். குழுவில் அது தலைகீழானது. பெட்டியை மூடுமுன் உள்ளே எவ்வளவு என்று எண்ணுபவர்கள் சத்தமாகச் சொல்ல, எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த கூட்டத்தில் பெட்டியைத் திறக்குமுன் அந்தத் தொகையைச் சொல்ல வேண்டும். ஒருநாள் எண்ணியவர் ஒரு நோட்டை விட்டுவிட்டார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி எழுந்து, "சரியில்லை, மறுபடி எண்ணுங்கள்" என்றார். எண்ணினார்கள். அவர் சொன்னதுதான் சரி. அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது.

நலநிதி என்று தனியாக ஒரு சிறு தொகையும் சேரும். சாவு, நோய் என்றால் அதிலிருந்து கொடுப்பார்கள். ஒரு குழுவில் அக்கம்பக்கத்துக் கிராமத்துப் பெண்களும் சேர்ந்திருந்தார்கள். அதில் ஒரு கிராமத்துப் பெண்ணின் மாமியார் இறந்தபோது முகாம் பெண்கள் நலநிதியோடு போய் நின்றார்கள். வந்தேறிகள் என்று அதுவரை ஒதுக்கிய வீடு அது.

ஆனால் பெட்டியால் எல்லாம் ஆகிவிடாது. கடன் வாங்கித் தொழில் தொடங்கலாம், சந்தைக்குப் போக அனுமதி இல்லையென்றால் யாரிடம் விற்பது? 1951 அகதிகள் ஒப்பந்தம் வேலை செய்யும் உரிமையையும் நடமாடும் உரிமையையும் பேசுகிறது. பல நாடுகள் நடைமுறையில் இரண்டையும் தருவதில்லை. உகாண்டா தன் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இரண்டையும் தந்தது. அந்தக் கதவு மூடியிருக்கும் இடத்தில் குழுவைக் காட்டி "சொந்தக் காலில் நில்லுங்கள்" என்று சொல்வது நியாயமில்லை.

முதல் கூட்டத்தில் என்னைக் கேள்வி கேட்ட அந்தப் பெண்ணின் குடும்பத்தை எட்டாவது மாதத்தில் வேறு முகாமுக்கு மாற்றினார்கள். சிறப்புக் கூட்டம் கூடி, மூன்று சாவியும் வந்து, அவருடைய முத்திரைகளை எண்ணிப் பணத்தைக் கொடுத்தார்கள். கணக்கு முடிந்த புத்தகத்தைக் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, "இதை நான் வைத்துக்கொள்ளலாமா? அங்கே இருப்பவர்களுக்கு இதைக் காட்டித்தான் சொல்லணும்" என்றார். தலைவி மற்றவர்களைப் பார்த்தார். எல்லோரும் கை உயர்த்தினார்கள்.